நான் மொண்டு கொடுத்த தண்ணீர்

இப்போது நினைத்தாலும் வயிறு எரிகிறது. அந்த அதிகாரி ஷூவைக் கழற்றிவிட்டு இருபது அடி நடந்திருந்தால் எங்கள் கால்வாய் பிழைத்திருக்கும். துரைக்குக் கால் நனையக் கூடாதாம். அதனால் ஒன்பது வயதுப் பெண்ணான என் கையில் பாட்டிலைக் கொடுத்தார்.

ஆந்திர எல்லையில் நகரிக்குப் பக்கத்தில், ஆற்றங்கரையில் எங்கள் ஊர். மணலுக்கடியில் ஊறும் தண்ணீரைக் கால்வாய் வெட்டித் திருப்பித்தான் என் அப்பா, நைனா, வேர்க்கடலை போடுவார். மேலே குன்றில் கல் குவாரி வந்தது. கல் உடைக்கும் மிஷின் கொட்டுகிற மாவு அங்கே குவியல் குவியலாகக் கிடக்கும். மழை பெய்தால் அவ்வளவும் கரைந்து ஆற்றுக்கு வரும். தண்ணீர் பால் மாதிரி வெள்ளையாக ஓடும். வடிந்த பிறகு மணல்மேல் சிமெண்டு பூசியது போல ஒரு படலம் இறுகிக் கிடக்கும். அதற்கப்புறம் தண்ணீர் மணலுக்குள் எப்படி இறங்கும்? கால்வாயில் வரத்து பாதியாகிவிட்டது.

நைனா கேட்டது பெரிய வரம் ஒன்றுமில்லை. குன்றடியில் ஒரு கரை போட்டு ஒரு குட்டை வெட்டுங்கள், மாவு அதில் தங்கட்டும், தெளிந்தது மட்டும் ஆற்றுக்கு வரட்டும் என்றார். குவாரி நடத்துகிறவன் செய்தே ஆகவேண்டிய காரியம் அது. அதற்குப்போய் நைனா ஆபீஸ் ஆபீஸாக அர்ஜி கொடுத்துச் செருப்புத் தேய அலைந்தார். கடைசியில், மழை பெய்த இரண்டாம் நாள், ஆற்றுத் தண்ணீரைச் சோதனைக்கு எடுத்துப்போக ஜீப் வந்தது. அதிகாரியோடு குவாரி மேனேஜரும் அதே ஜீப்பிலிருந்து இறங்கினார். அப்போதே புரிந்திருக்க வேண்டும்.

பின்னாலேயே என் தாய்மாமாவும் வந்தார். குவாரியில் டிராக்டர் ஓட்டுகிறவர், சாப்பாடெல்லாம் எங்கள் வீட்டில்தான். என்னைப் பார்த்தால் தோளில் தூக்கிக்கொள்ளாமல் இருக்கமாட்டார்.

நைனா கரைமேல் நின்று மேனேஜரிடம் குன்றைக் காட்டிக் கத்திக்கொண்டிருந்தார். அதிகாரி என் பக்கம் திரும்பி, "ஏட்டி நீளு தீசுக்குரா பாப்பா" என்று தெலுங்கில் சொன்னார். ஆற்றுத் தண்ணீர் எடுத்து வர வேண்டும், நான்! ஜீப்பில் வந்தவர் என்னிடம் ஒரு வேலை சொல்லிவிட்டாரே என்று எனக்குத் தலைகால் புரியவில்லை.

ஓடினேன். எதிரே வெள்ளையாக ஓடியது தண்ணீர். அதைப் போய் யாராவது மொள்வார்களா? எங்கள் ஊரில் ஆற்றுத் தண்ணீர் என்றால் மேலே ஓடுகிற தண்ணீர் இல்லை. மணலில் ஊற்று தோண்டி, முதலில் வருகிற கலங்கலை மூன்று முறை இறைத்துக் கொட்டிவிட்டு, தெளிந்து ஊறுவதைத்தான் மொள்வோம். வந்தவர்களுக்குக் கலங்கல் கொடுத்தால் அம்மா முதுகில் ரெண்டு வைப்பாள். பாட்டிலோடு தயங்கி நின்றேன். மாமா பக்கத்தில் வந்தார்.

"இங்க தோண்டு கண்ணு, இங்கதான் நல்லா ஊறிக்கினு இருக்குது" என்று அந்த வெள்ளைப் படலத்தைக் குதிகாலால் உடைத்தும் கொடுத்தார். தோண்டினேன், இறைத்தேன். பாவாடை நுனியைப் பாட்டில் வாயில் போட்டு வடிகட்டி வேறு நிரப்பினேன். பெரிய கெட்டிக்காரி!

அதிகாரி பாட்டிலை வெயிலில் தூக்கிப் பார்த்தார். மேனேஜர் சிரித்தார். மூடி போட்டு அரக்கு வைத்த பிறகுதான் நைனாவின் கண்ணில் அது பட்டது.

"இன்னாது இது? எங்க மொண்ட?"

"ஊத்துல நைனா. மூணு வாட்டி எறைச்சிட்டுதான் மொண்டேன்."

நைனாவுக்கு முகம் செத்துப்போயிற்று. "சார், கொழந்த தெரியாம மொண்டாந்துடுச்சி சார். வேற எடுங்க, நானே எறங்கிப் போறேன்" என்று ஜீப் கதவைப் பிடித்துக்கொண்டு கெஞ்சினார். "உன் பொண்ணு கொண்டாந்த தண்ணிதானேய்யா" என்றார் மேனேஜர். வண்டி கிளம்பிவிட்டது. பாட்டிலைப் பார்த்த கண்ணுக்கு, பக்கத்தில் ஓடிய ஆறு தெரியவில்லையா? அதுவும் ஒரு கண்ணா? ஆறு சுத்தமாக இருப்பதாகக் காகிதம் வந்தது. குட்டை வெட்டவே இல்லை. அந்தக் கோடையில் கால்வாய் வறண்டு, கடலைச் செடி பூவோடு கருகியது. மறு வருஷம் நைனா நிலத்தை விட்டுவிட்டு நகரியில் பவர்லூம் ஓட்டப் போனார்.

எனக்கு அப்போது அதெல்லாம் துக்கமாகவே படவில்லை. வேறொன்றுக்குத்தான் அழுதேன். ஜீப் வந்துபோன மறுவாரம் மாமா எனக்குப் பட்டுப்பாவாடை கொண்டுவந்தார். மஞ்சள் பட்டு, கை அகலத்துக்கு ஜரிகை. டிராக்டர் ஓட்டுகிறவர் கைக்கு அது எப்படி வந்தது என்று நான் யோசிக்கவில்லை. கட்டிக்கொண்டு நைனா முன்னால் சுற்றிச் சுற்றி ஆடினேன். நைனா மாமாவைப் பார்த்தார். மாமா தலையைத் தொங்கப்போட்டார்.

"கழட்டுடி அத" என்றார் நைனா.

அதுவரை என்னை ஒரு 'டி' போட்டுக் கூப்பிட்டதில்லை அவர். மாமாவின் காலைக் கட்டிக்கொண்டு கதறினேன். இந்த வீட்டில் என்மேல் பாசம் உள்ளவர் மாமா ஒருவர்தான் என்று அன்றைக்கே முடிவு கட்டிவிட்டேன்.