வார்த்தை வரும்வரை காத்திருந்த ஜெயந்தி

போன செவ்வாய்க்கிழமை காலை சாகுல் போன் செய்தான். "அண்ணே, ஜெ... ஜெ..." என்று நின்றுவிட்டான். குரலிலேயே எனக்கு விஷயம் புரிந்துபோயிற்று. "ஜெயந்திக்கு என்னடா?" என்று நானே கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. போனைக் காதோடு அழுத்திப் பிடித்துக்கொண்டு நின்றேன். "ஜெயந்தி அக்கா போயிட்டாங்கண்ணே. ஹார்ட் அட்டாக்" என்று அவனே சொல்லி முடித்தான். அதற்கப்புறம்தான் அழுதேன்.

தென்னூர் டியூஷன் சென்டர் மாடியில் ஞாயிறுதோறும் கூடுகிற எங்கள் திக்குவாய்க் கூட்டத்துக்கு வந்தவர்களுக்கு ஜெயந்தியை அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். ஸ்ரீரங்கத்துக்காரி, என் வயதுதான், ரயில்வேயில் டிக்கெட் கவுண்டர் வேலை. அவளுக்கும் திக்கும், எனக்கும் திக்கும். கவுண்டரில் ஊர்ப்பெயர் அவள் வாயில் சிக்கி நிற்கும்போது யாராவது எடுத்துக்கொடுத்தால், "சார், எனக்குப் பேசத் தெரியும். கொஞ்சம் நேரமாகும், அவ்வளவுதான்" என்பாள். கியூவே கப்சிப்.

புதிதாக வருகிறவருக்குப் பழையவர் ஒருவர் துணை என்பது எங்கள் வழக்கம். காட்டூர் சாகுல் என் பொறுப்பில் வந்தான். முதல் பயிற்சி, ஸ்பீக்கரில் போன் போட்டுக் கடையில் பிரியாணி சொல்வது. அவன் "பி... பி..." என்று தவிக்க, கடைக்காரர் "ஹலோ, ஹலோ" என்று கத்த, எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. போனைப் பிடுங்கி, நானும் திக்கித் திக்கித்தான், ஆர்டர் கொடுத்துவிட்டு ஏதோ பெரிய உபகாரம் செய்த மாதிரி உட்கார்ந்தேன். ஜெயந்தி நிதானமாகச் சொன்னாள்: "பிரியாணி வந்துரும்ப்பா. சாகுல் இனிமே வரமாட்டான்."

சொன்னபடியே அடுத்த வாரம் அவன் வரவில்லை. "அவன் வீட்டுக்குப் போ. அட்வைஸ் பண்ணாதே. என்ன வேணும்னு மட்டும் கேளு" என்று என்னை அனுப்பினாள். போய்க் கேட்டேன். சாகுலுக்குக் கல்யாணம் நிச்சயமாகியிருந்தது. நிக்காஹ் நடத்திவைக்கிற ஹஜ்ரத், சம்மதமா என்று கேட்பார். மாப்பிள்ளை சபையறிய 'கபூல்' என்று சொல்ல வேண்டும். இவன் தலையாட்டினால் போதும் என்று வீட்டில் பேசிக்கொண்டிருந்தார்கள். "நா... நானே சொல்லணும்ணே" என்றான். கண் கலங்கியிருந்தது.

அதற்கு ஜெயந்தி பயிற்சி கொடுத்தது அவனுக்கு இல்லை, எனக்கு! "அவன் சொல்லிருவான். நீ சும்மா இருப்பியா, அதைச் சொல்லு" என்றாள். "வாயைப் பார்க்காதே, கண்ணைப் பாரு. வாட்ச்சைப் பார்த்தே, தொலைச்சுருவேன்." சாகுல் மறுபடி வர ஆரம்பித்தான். ஞாயிறுதோறும் அவன் பேசுவான், நான் பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். அப்பப்பா, பேசுவதே தேவலாம்.

கல்யாண மண்டபத்தில் மைக் சாகுல் முன்னால் வந்தது. "க... க..." என்று நின்றான். பக்கத்தில் அவன் மாமா பொறுக்கமாட்டாமல் வாயைத் திறந்தார். அவர் கையை நான் அழுத்திப் பிடித்துக்கொண்டேன். சாகுல் என்னைப் பார்த்தான். நானும் அவன் கண்ணையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

"க... கபூல்!"

ஸ்பீக்கர் அதிர்ந்தது. பெண்கள் பக்கமிருந்து ஒரு விசில் பறந்து வந்தது. யாரென்று நான் சொல்ல வேண்டுமா? ஹஜ்ரத்தே சிரித்துவிட்டார்.

இந்த ஞாயிறும் கூட்டம் நடந்தது. புதிதாக வந்த பெண்ணுக்கு இப்போது சாகுல்தான் துணை. அவள் தன் பெயரைச் சொல்லி முடிக்கும்வரை அசையாமல் உட்கார்ந்திருந்தான், பக்கத்தில் நானும். பார்க்கப் பார்க்க எனக்கு நெஞ்சு நிமிர்ந்தது.

நான் முன்கோபி, அவசரக்காரன் என்பது ஊரறிந்தது. அன்று அந்தப் பெண்ணின் அப்பா என்னிடம் வந்து, "உங்களுக்கு ரொம்பப் பொறுமைங்க" என்றார். மறுக்கவில்லை. அந்தப் பொறுமை என்னுடையதே இல்லை. ஜெயந்தி என்னிடம் விட்டுப்போனது. அவளுக்காக அந்தப் பாராட்டைத் தலைநிமிர்ந்து வாங்கிக்கொண்டேன்.