முகத்துவாரம் வெட்டிய காலை

விடுதி விண்ணப்பத்தின் எல்லாக் கட்டங்களையும் மகளே நிரப்பிவிட்டாள். என் கையெழுத்துக்கான கோடு மட்டும் வெறுமையாக இருந்தது. தை மாதம் அவள் பட்டணத்துப் பாடசாலையில் சேர வேண்டும். படிவமோ இரண்டு வாரமாக எங்கள் சாப்பாட்டு மேசையில் சீனிப் போத்தலின் கீழே கிடந்தது.

அவளுக்கு அப்போது பதின்மூன்று வயது. சுனாமி வந்துபோன ஐந்து வருடங்களில் தெருவைக் கடந்தாலும் பஸ் ஏறினாலும் அவளுடைய மணிக்கட்டு என் கைக்குள் இருக்கும். பிடித்திருக்கிறேன் என்பதே எனக்குத் தெரியாது. அவளுடைய அப்பா கட்டாரிலிருந்து தொலைபேசியில், கையெழுத்து வையுங்கள் என்று சொல்லிக்கொண்டிருந்தார். ஓம், ஓம் என்பேன். வைக்கமாட்டேன்.

வழி சொன்னவள் என் தோழி. குருக்கள்மடத்தில் என்னோடு படித்து, அங்கேயே ஆசிரியையாக இருப்பவள். என்னைவிட நான்கு மாதம் மூத்தவள் என்பதால் மகளுக்குப் பெரியம்மா. அவளுடைய கணவர் மட்டக்களப்பு வரைக்கும் நீளும் வாவியில் மீன் பிடிப்பவர். நான் அவரை அத்தான் என்பேன். யுத்தம் முடிந்து வந்த முதல் மாரி அது. வாவியில் இறங்க நேரமும் அனுமதியும் பார்க்கவேண்டிய காலம் போய்விட்டது. விடுமுறையில் அத்தானின் தோணியில் நாங்கள் நால்வரும் மட்டக்களப்புக்குப் போவது என்று அவள் தீர்மானித்தாள். பஸ்ஸில் ஒரு மணித்தியாலம் எடுக்கும் தூரத்துக்கு மூன்று நாள்.

ஒப்பந்தத்தையும் அவளே சொன்னாள். தண்ணீரில் இருக்கும் மூன்று நாளும் நான் மகளின் கையைப் பிடிக்கக்கூடாது. பிடிக்காவிட்டால் பட்டணத்தில் இறங்கியதும் கையெழுத்து. பிடித்தால் படிவம் வாவிக்குள். மகள் உடனே சம்மதித்தாள். எனக்குச் சம்மதிப்பதைத் தவிர வேறு வழியில்லை.

துறையடிக்கு நான் இரண்டு வெற்று எண்ணெய்க் கலன்களோடு போனேன். மகளின் இடுப்பில் கட்டிவிட்டால் மிதப்பாள் என்பது என் எண்ணம். தோழி கலன்களைப் பார்த்தாள்.

"என்னகா, புள்ளையக் கூட்டி வந்திரிக்கியா, தேங்காயெண்ணெய் விக்க வந்திரிக்கியா?"

கலன்களில் குடிதண்ணீர் நிரப்பப்பட்டது. அடுத்து அவள் என் கைப்பையைக் கிளறி, சின்ன வானொலியை எடுத்தாள். ஐந்து வருடமாக ஒரு செய்தியையும் நான் தவறவிட்டதில்லை. எங்கோ பூமி நடுங்கியது என்று கேட்டால் அன்றைக்குச் சமையல் கிடையாது. தோணியில் செய்தி கேட்கக்கூடாது என்று சொல்லி, அவள் அதை ஒரு பையில் சுற்றி அரிசிக்குள் புதைத்துவிட்டாள். அத்தானின் கைத்தொலைபேசியையும் விடவில்லை. அவர் பாவம், சிரித்துக்கொண்டே கொடுத்தார்.

எங்கள் சமையலறை, மண் நிரப்பிய ஒரு தகரத்தில் வைத்த மூன்று செங்கல். அதில் தேத்தண்ணீர் கொதிக்கும்போது தோணியில் யாரும் அசையக்கூடாது. அத்தான் நின்றபடி கம்பை ஊன்றித் தள்ளுவார். கை ஓய்ந்தால் துடுப்பு. மழை வந்தால் எல்லோரும் தறப்பாளுக்குள் புகுந்துகொள்வோம். அதன் நடுவில் தண்ணீர் தேங்கிக் குண்டாகும். தோழி தலையால் முட்டி அதை வாவிக்குள் தள்ளுவாள். பாதி தண்ணீர் என் முதுகில் விழும். உள்ளே விழுந்த மழையை மகள், வாய் வெட்டிய தகரப்பேணியால் இறைத்து ஊற்றினாள். அவள் விளிம்பில் குனிகிற ஒவ்வொரு முறையும் நான் என் கைகளைத் தொடைக்குக் கீழே வைத்து அவற்றின் மேல் உட்கார்ந்துகொண்டேன்.

"உன்ர கைக்கு மூச்சு முட்டப் போகுது" என்றாள் தோழி.

முதல் நாள் மத்தியானம் கரையோரத்தில் ஒரு பழைய காவலரண் வந்தது. அத்தான் கம்பை மெதுவாக ஊன்றி, தோணியைத் தாமதப்படுத்தி, சேட்டுப் பைக்குள்ளிருந்து அடையாள அட்டையை எடுத்து உயர்த்திப் பிடித்தார். காவலரணில் ஒரு எருமைக்கன்று மட்டும் நின்றது. மழைக்கு ஒதுங்கியிருந்த அது அவரை நன்றாகப் பார்த்தது. அவருக்கு நிலைமை விளங்கச் சற்று நேரம் எடுத்தது. அட்டையைத் திரும்பப் பைக்குள் வைத்தபோது தோழி, "கண்டுக்குட்டி என்ன சொல்லுது, போகலாமாமா?" என்று கேட்டாள். அன்று முழுக்க அதையே சொல்லிச் சிரித்தோம். அத்தானும் சிரித்தார். ஆனால் இரண்டாவது காவலரணிலும் அவருடைய கை பைக்குப் போய்த் திரும்பியது. என் கையைப் போலவேதான் அவருடைய கையும் என்று நினைத்துக்கொண்டேன்.

முதலிரவு அத்தானின் தங்கை வீட்டில் தங்கினோம். இரண்டாம் நாள் பின்னேரம் வாவியின் மேற்குக் கரையான படுவான்கரைப் பக்கம் ஒரு சின்னப் பிள்ளையார் கோயிலடியில் ஒதுங்கினோம். மாரி வெள்ளத்தில் வாவி வயல்வட்டைக்குள் ஏறி, வரம்புகளை மூடி, கோயில் படிவரைக்கும் வந்திருந்தது. தோணி நேராகப் படிக்கே போய் முட்டியது. இறங்கிச் சேற்றில் நடக்கத் தேவையில்லை என்று எங்களுக்குப் பெரிய சந்தோசம். அத்தான் கயிற்றைப் படியோரம் நின்ற கிண்ணை மரத்தில் கட்டினார். அன்றைக்குத் திரளிமீன் சொதியும் சோறும். கோயில் மண்டபத்தில் நாங்கள் மூன்று பேரும் படுத்துக்கொண்டோம். அத்தான் தோணியிலேயே தூங்கினார்.

விடிந்து நான் கண் விழித்தபோது பக்கத்துப் பாயில் மகள் இல்லை.

எழுந்து படிக்கு வந்தேன். வாவி இல்லை. நேற்றுத் தண்ணீர் நின்ற இடத்தில் சேறும், வெளியே வந்த வரம்புகளும், புற்களும். தோணி ஒரு பக்கம் சரிந்து சேற்றில் கிடந்தது. அதற்குள் அத்தான் நன்றாகத் தூங்கிக்கொண்டிருந்தார். தண்ணீர் எங்கோ தூரத்தில் ஒரு கோடாகத் தெரிந்தது. இந்தப் பக்கம் சின்னச் சின்னக் குட்டைகளில் மீன் துள்ளியது. அவற்றின் நடுவில் மகள் குனிந்து நின்று பாவாடையில் எதையோ பொறுக்கிப் போட்டுக்கொண்டிருந்தாள்.

இதே காட்சியை நான் முன்பும் பார்த்திருக்கிறேன். கல்குடாவில், என் அக்கா வீட்டுக்குப் போயிருந்த ஞாயிற்றுக்கிழமை. முதல் அலை வந்து போனபிறகு கடல் உள்ளே இழுபட, துள்ளிய மீன்களைப் பொறுக்கப் பிள்ளைகள் ஓடினார்கள். எட்டு வயதில் இவளும் ஓடினாள். அவளைப் பிடித்தேன், அடுத்த அலையில் கை நழுவிப் போனது. பின்னேரம் யாரோ ஒருவர் அவளைத் தோளில் தூக்கிக்கொண்டு வரும்வரைக்கும் என் கை வெறுங்கையாக இருந்தது.

நான் கத்தினேனா என்று எனக்கு நினைவில்லை. கத்தியதாகத் தோழி சொன்னாள். சேற்றில் ஓடினேன், விழுந்தேன், எழுந்தேன். மகளின் மணிக்கட்டைப் பிடித்து இழுத்துக்கொண்டு கோயிலுக்கு ஓடி, மண்டபத்துக்குள்ளும் நிற்காமல் பின்னால் இருந்த மண்மேட்டில் ஏறினேன். தோழியும் எதற்கென்று கேட்காமல் பாயையும் சோற்றுப் பானையையும் தூக்கிக்கொண்டு எங்களுக்குப் பின்னால் ஏறிவிட்டாள். மூன்று பேருக்கும் மூச்சு வாங்கியது.

அத்தான் தோணிக்குள்ளிருந்து எழும்பிச் சுற்றிப் பார்த்தார். தலையைச் சொறிந்தார்.

"முகத்துவாரத்த வெட்டிட்டானுகள்" என்றார்.

எங்கள் ஊரில் சின்னப்பிள்ளைக்கும் தெரிந்த விசயம். மாரியில் வாவி நிரம்பி வயல்கள் மூழ்கினால் வாவி கடலைத் தொடும் முகத்துவாரத்தில் மணல்மேட்டை வெட்டிவிடுவார்கள். வெள்ளம் கடலுக்குப் போகும், வாவி வற்றும். வெட்டுவதை முன்கூட்டியே வானொலியில் அறிவிப்பார்கள். வானொலி அரிசிக்குள் இருந்தது. தோழி சோற்றுப் பானையைக் கட்டிப்பிடித்தபடி நின்றாள்.

அப்போதுதான் மகளின் மணிக்கட்டு இன்னும் என் கைக்குள் இருப்பதைக் கண்டேன். விட்டேன். அவளுடைய தோலில் என் விரல்கள் பதிந்திருந்தன. படிவத்தை நினைத்தேன்.

அவள் என் முகத்திலிருந்த சேற்றைத் தாவணியால் துடைத்தாள்.

"நானும் பயந்தன்மா. விடிய வெள்ளன எழும்பிப் பாத்தன், தண்ணி போகுது. படியோரத்தில ஒரு கம்பக் குத்தி வெச்சிட்டு இருந்து பாத்தன். கடல் மாதிரி ஓடல்ல, மெல்ல மெல்லத்தான் போச்சு. பிறகுதான் இறங்கினன்."

கீழே பார்த்தேன். கடைசிப் படியோரத்தில் ஒரு கம்பு குத்தியிருந்தது. அதற்கு அப்பால் கொஞ்சம் தள்ளி இன்னொன்று. பிறகு இன்னொன்று.

தோழி பானையை இறக்கி வைத்தாள். ஒப்பந்தம் முறிந்துவிட்டதே, இனி என்ன செய்வது என்றாள். மகள் பாவாடையிலிருந்த இறால்களைப் பானையின் மூடியில் கொட்டினாள்.

"தண்ணியில இரிக்கக்கொள்ளதானே கையப் பிடிக்கப்படாது. அங்க தண்ணியே இல்லையே, பெரியம்மா."

தோணியை வாவிக்குக் கொண்டு சேர்க்க மத்தியானமாகிவிட்டது. பக்கத்து வட்டையில் நின்ற இரண்டு பேர் கை கொடுத்தார்கள். வரம்பு வரம்பாகத் தூக்கி, சேறு சேறாகத் தள்ளினோம். உலகத்திலேயே வயலுக்குள்ளால் தோணி ஓட்டியவர்கள் நாங்கள்தான் என்று தோழி சொன்னாள். அத்தான், இதை மட்டும் ஊரில் சொல்லிவிடாதே என்று அவளைக் கெஞ்சினார். வீடு திரும்பிய அன்றே அவள் சொல்லிவிட்டாள். ஓரிடத்தில் நான் முழங்கால் வரைக்கும் புதைந்துபோனேன். மகள் வந்து கையை நீட்டினாள். பிடிக்கலாமா என்று கேட்டேன். சேறு கணக்கில் இல்லையாம்.

பட்டணத்துப் பாலத்தைக் கண்டபோது இன்னும் இருட்டவில்லை. தோணியில் வைத்தே, கவிழ்த்த பானையின் மேல் படிவத்தை விரித்துக் கையெழுத்து வைத்தேன். தோணி ஆடியதால் கையெழுத்து கோணலாக விழுந்தது. என் அடையாள அட்டையில் உள்ள கையெழுத்துப் போலவே அது இல்லை.

அடுத்த மாரியில் ஒருநாள், அலுவலகத்தில் நான் கோப்புகளுக்குள் இருந்தபோது விடுதியிலிருந்து அவள் அழைத்தாள். ஞாயிறு தவிர அவள் அழைப்பதில்லை.

"அம்மா, இண்டைக்கு முகத்துவாரம் வெட்டுறாங்களாம். நாளைக்குக் காலம தண்ணி வத்தியிரிக்கும். பயந்திராதீங்க" என்றாள்.