தளபதியின் கோபக் கடிதம்

என் அக்கா டோரதியிடமிருந்து ஒரு வார்த்தை பிடுங்க முடியாது என்று ஒக்கலிபுரத்தில் எங்கள் தெருவே சொல்லும். இருபத்தாறு வருடம் ராணுவத் தலைமையகத்தில் ஸ்டெனோ. அங்கே மதியம் என்ன குழம்பு என்றுகூட வீட்டில் சொன்னதில்லை. அப்படிப்பட்டவள் ஒரே ஒரு நாள் ஏமாந்தாள், அதுவும் அந்தக் கேசவிடம். "விடு மௌரீன்" என்கிறாள். எனக்கு நினைத்தாலே பற்றிக்கொண்டு வருகிறது.

எல்லையில் சண்டை தொடங்கி மூன்றாவது வாரம். போர்முனை முழுவதற்கும் தளபதி சேஷகிரி, அக்காவின் அதிகாரி. அவருக்கு ஒரு வழக்கம். கோபம் வந்தால் அதைக் கடிதமாகச் சொல்லி அக்காவை டைப் அடிக்க வைப்பார். கடிதம் மறுநாள் வரை அவள் மேசை டிராயரில் கிடக்கும். காலையில் வாங்கி அவரே கிழித்துப் போடுவார். ஆறு வருடத்தில் ஒன்றுகூட வெளியே போனதில்லை. அன்று சொன்னது அமைச்சருக்கு: "குண்டு அனுப்பாமல் வெற்றிக்குத் தேதி கேட்கிறீர்கள். உங்கள் தேர்தலுக்காக என் பிள்ளைகளைச் சாகக் கொடுக்க மாட்டேன்."

பக்கத்து அறையில் கேசவ், அமைச்சகம் அனுப்பிவைத்த அதிகாரி. கிறிஸ்துமஸுக்கு எங்கள் வீட்டில் உட்கார்ந்து கல்கல் பலகாரம் தின்றவன்.

"அக்கா, சாரை மாத்தணும்னு டெல்லியில பேசுறாங்க. அவர் மனசுல என்ன இருக்குன்னு தெரிஞ்சா நான் பேசி சரி பண்ணிடுவேன்" என்றான்.

சாரைக் காப்பாற்றுகிறோம் என்று நம்பி, இந்த அசடு கடிதத்தை எடுத்துக் கொடுத்தது. "அஞ்சே நிமிஷம் அக்கா" என்று வாங்கிப் போனான், துரோகி.

மறுநாள் மதியத்துக்குள் உத்தரவு வந்துவிட்டது. சேஷகிரி நீக்கம், வேறொருவர் நியமனம். காரணம், கேசவ் டெல்லிக்கு அனுப்பிய அந்தக் கடிதம். அதன் பிறகு கேசவ் அவளை "மேடம்" என்று கூப்பிட்டான்.

தளபதி விடைபெறும்போது அவர் ஜீப்பில் கயிறு கட்டி, எல்லோரும் சேர்ந்து வாசல் வரை இழுப்பது அங்கே மரியாதை. அக்காவும் போய்க் கயிற்றைப் பிடித்தாள். ஏறப் போன சேஷகிரி அவளருகில் நின்றார்.

"எடுத்துக் குடுத்தது யாருன்னு ஆபீஸ்ல எல்லாரையும் கேக்குறாங்க. டோரதிய மட்டும் கேக்காதீங்கன்னு சொல்லிட்டேன்" என்றார்.

அவளால் தாங்க முடியவில்லை. "நான்தான் சார் குடுத்தேன். உங்களைக் காப்பாத்துறேன்னு கேசவ் சொன்னாரு. நம்பிட்டேன்."



"கேசவ் டெல்லி ஆளு. அவன் வேலையை அவன் செஞ்சான்" என்றார். "நீங்க என் ஆளு, டோரதி. கயித்தை விடுங்க."

விட்டாள். ஜீப் நகர்ந்தது. முன்வரிசையில் கேசவ் கயிற்றை இழுத்துக்கொண்டு போனான்.