பொறுமை என்ற சொல்லைத் திருப்பிக் கொடுத்தவள்

ஜேர்மனிக்கு வந்த புதிதில் என்னைத் திகைக்க வைத்தது பனியல்ல, பெண்களுக்கான வைத்தியர் ஒருவர். என் கணவரைப் பார்த்து, "நீங்கள் கொஞ்சம் வெளியே இருங்கள்" என்றார். இவர் மேல்கோட்டைக் கையில் பிடித்தபடி குற்றம் செய்த பிள்ளை மாதிரி எழுந்து போனார். கதவைச் சாத்தியதும் வைத்தியர் மெதுவாகக் கேட்டார்: "வீட்டில் நீங்கள் பாதுகாப்பாக உணர்கிறீர்களா?" எனக்கு அப்போது தெரிந்த ஜேர்மனில் நான் பெருமையோடு பதில் சொன்னேன். "ஓம், கதவுக்கு இரண்டு பூட்டு இருக்கு." அவர் சிரிக்கவில்லை. கேள்வியை இன்னொரு விதமாகக் கேட்டார். அப்போதும் எனக்கு விளங்கவில்லை. மன்னாரில் பாதுகாப்பு என்றால் வெளியே இருந்து வருவதைப் பற்றிய பேச்சு: ஷெல், சுற்றிவளைப்பு, சோதனைச் சாவடி. வீட்டுக்கு உள்ளே இருந்து ஒரு ஆபத்து வரலாம் என்று ஒரு வைத்தியர் நினைப்பதே எனக்கு மரியாதைக் குறைவாகப் பட்டது.

அந்தக் கேள்வியின் பொருளைப் பல வருடம் கழித்து எனக்கு விளங்க வைத்தவள் ஷமீமா. ஹம்பேர்க்கில் நாங்கள் இருக்கும் கட்டிடத்தில் எங்களுக்குக் கீழ்மாடியில் குடியிருந்தவள். காஷ்மீர்க்காரி. ஸ்ரீநகரில் ஒரு கல்லூரியில் தாவரவியல் படிப்பித்துக்கொண்டிருந்தவளை, இங்கே கணினி வேலை செய்யும் ஒருவர் கல்யாணம் செய்து கூட்டி வந்திருந்தார். நிலவறையில் உடுப்புத் தோய்க்கும் அறையில்தான் எங்கள் பழக்கம் தொடங்கியது. அவளிடம் நல்ல ஆங்கிலமும் கொஞ்சம் ஜேர்மனும் இருந்தன. என்னிடம் வயோதிபர் இல்லச் சமையலறையில் பழகிய ஜேர்மனும் உடைந்த ஆங்கிலமும். இரண்டையும் கலந்து கதைப்போம். என்னை 'பாஜி' என்று கூப்பிடுவாள். அக்கா என்று பொருளாம்.

அவளுடைய கணவர் மிகவும் மரியாதையானவர். என் சாமான் பைகளை மேல்மாடி வரை தூக்கித் தந்திருக்கிறார். ஆனால் வந்து பதினான்கு மாதமாகியும் ஷமீமா மொழி வகுப்புக்குப் போகவில்லை. குளிர் முடியட்டும் என்றாராம், பிறகு நோன்பு முடியட்டும் என்றாராம். அவளுடைய பாஸ்போர்ட்டும் விசா அட்டையும் அவருடைய மேசை லாச்சிக்குள் பூட்டிக் கிடந்தன. ஒருநாள் ஈரத்துணியைப் பிழியும்போது அவள் சட்டைக்கை விலகியது. மணிக்கட்டைச் சுற்றி நாலு விரல் நீலமாகப் பதிந்திருந்தது.

நான் பார்த்ததை அவள் பார்த்தாள். அப்போது நான் என்ன சொன்னேன் என்பதை மறைக்காமல் எழுத வேண்டும். "கெடுல்ட்" என்றேன். ஜேர்மனில் பொறுமை. அவளுக்கு அந்தச் சொல் தெரியவில்லை. போனில் தேடிப் பார்த்தாள். பிறகு என்னை நிமிர்ந்து பார்த்து, "சப்ர்" என்றாள்.

"இதைத்தான் என் அம்மாவும் போனில் சொல்கிறார். இங்கே இருக்கும் எங்கள் பெரியவர்களும் சொல்கிறார்கள். இப்போது நீங்களும். சப்ர் எங்கள் மார்க்கத்தில் பெரிய சொல், பாஜி. அடி வாங்குகிறவளுக்கு மட்டும் என்று அதை யாரும் தரவில்லை. அடிக்கிறவனுக்கு ஏன் ஒருத்தரும் அதைச் சொல்வதில்லை?"

அந்தச் சொல்லை நான் ஒரு பெண்ணிடம் சொன்னது அது முதல்முறையல்ல.

இருபது வருடத்துக்கு முன்னர் இங்கே எங்கள் தமிழ்க் கத்தோலிக்கக் கோயில் சபையில் றெஜினா என்று ஒரு பிள்ளை இருந்தாள். ஒரு ஞாயிறு பூசை முடிந்து நான் வீட்டுக்கு வர, வீங்கிய உதட்டோடு, கைக்குழந்தையோடு என் வாசலில் நின்றாள். "அக்கா, இனி என்னால ஏலாது" என்றாள். நான் தேத்தண்ணி போட்டுக் கொடுத்தேன். குழந்தைக்குப் பால் காய்ச்சினேன். பிறகு, "ஊருக்குள்ள கதை வந்தா உன்ர தங்கச்சியளின்ர கலியாணம் என்னாகும்? பொறுத்துப் போ பிள்ளை" என்று சொல்லி, நானே அவளைக் கூட்டிக்கொண்டு போய் அவளுடைய வீட்டு வாசலில் விட்டேன். அழைப்பு மணியை அடித்ததும் நான்தான். சில வருடத்தில் அவள் பிரான்சுக்குப் போய்விட்டாள். ஒரு காது அவளுக்குக் கேட்காது என்று பிறகு யாரோ சொன்னார்கள். எங்கள் ஆட்கள் அதை நோய் என்றார்கள். நானும் நோய் என்றே சொல்லிக்கொண்டு திரிந்தேன்.

ஷமீமா என்னிடம் அப்படிக் கேட்ட கிழமையே அவளோடு பெண்களுக்கான ஆலோசனை நிலையம் ஒன்றுக்குப் போனேன். அவளுடைய கணவர் அறியாமலிருக்க டெர்மினை, சந்திக்கும் நேரத்தை, என் பெயரில் எடுத்தோம். அங்கிருந்த ஜேர்மன் பெண் நல்லவள்தான். எங்கள் இருவரையும் பார்த்துவிட்டு, "நீங்கள் அம்மாவா?" என்று என்னிடம் கேட்டாள். இல்லை, நான் இலங்கை, இவள் காஷ்மீர் என்றேன். "ஆ, ஒரே பக்கம்தானே" என்றாள். பிறகு ஷமீமாவின் கையைப் பிடித்து, "இங்கே ஆண்கள் இல்லை. முக்காட்டை எடுத்துவிடலாம், நீங்கள் சுதந்திரமாக இருக்கலாம்" என்றாள்.

ஷமீமா அமைதியாகச் சொன்னாள்: "என் பாஸ்போர்ட்டைப் பூட்டி வைத்திருப்பது என் முக்காடு அல்ல."

அந்தப் பெண்ணின் முகம் சிவந்தது. மன்னிப்புக் கேட்டுவிட்டு, ஒரு தாளை எடுத்துக் கேள்விகளைச் சரியாகக் கேட்கத் தொடங்கினாள். நாலாம் நாள் ஒரு ஃபிரவன்ஹவுஸில் இடம் கிடைத்தது. அடிவாங்கும் பெண்கள் பிள்ளைகளோடு போய்த் தங்கும் வீடு அது; விலாசம் எவருக்கும் சொல்லப்படுவதில்லை, எனக்கும் சொல்லவில்லை. பொலிசார் கூட வர, ஷமீமா ஒருமுறை திரும்பி வந்து லாச்சியில் இருந்த தன் கடதாசிகளை எடுத்துக்கொண்டு போனாள். கணவர் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

அதோடு அவள் எங்காவது கண்காணாமல் போயிருக்கலாம். றெஜினா அப்படித்தான் போனாள். ஷமீமா போகவில்லை. இந்த நகரத்தின் காஷ்மீர்க் குடும்பங்கள் ஞாயிறு பின்னேரங்களில் ஒரு வாடகை மண்டபத்தில் கூடுவார்கள். அங்கே தனக்காகப் பேச வேண்டும் என்றாள். தாதியாக வேலை செய்யும் ஹலீமா என்ற பெண்மணி ஏற்பாடு செய்தார். "எனக்கென்று ஒரு முகம் அங்கே இருக்கட்டும், பாஜி" என்று ஷமீமா என்னையும் அழைத்தாள்.

உப்புப் போட்ட இளஞ்சிவப்புத் தேநீர் தந்தார்கள். ஆண்கள் முன்னால், பெண்கள் பின்னால். எங்கள் கோயில் மண்டபமும் அப்படித்தான் என்பதை அன்றுதான் கவனித்தேன். கூட்டம் தொடங்கியதும் ஹலீமா எழுந்து தன் கதிரையைத் தூக்கிக்கொண்டு முன்னுக்குப் போய் வைத்தார். இன்னொரு பெண் எழுந்தாள். பிறகு ஐந்தாறு பேர். நானும் என் கதிரையோடு போய் ஹலீமாவின் பக்கத்தில் இருந்தேன். ஷமீமா தன் மொழியில் பேசினாள். எனக்கு ஒரு சொல்லும் விளங்கவில்லை. ஹலீமா என் காதில் ஜேர்மனில் சொல்லிக்கொண்டிருந்தார். அவள் கேட்டது இரண்டே விஷயம். கல்யாண ஒப்பந்தத்தைக் கையெழுத்துக்கு முன் மணப்பெண்ணுக்கு அவளுடைய மொழியில் முழுதாக வாசித்துக் காட்ட வேண்டும். ஒரு பெண் முறைப்பாட்டோடு வந்தால் அதைக் கேட்க இருப்பவர்களில் பெண்களும் இருக்க வேண்டும்.

கூட்டத்தின் தலைவர் வயதானவர், கோபக்காரர் அல்ல. "எங்கள் மண் படும் பாட்டுக்கு நடுவில் இது ஒரு பிரச்சினையா, மகளே? உங்கள் தாய்மார் எத்தனை சோதனைச் சாவடிகளைத் தாங்கினார்கள்" என்றார்.

"தாங்கினார்கள். அவர்கள் வீட்டுக்குத் திரும்பி வந்தபின் உள்ளேயும் ஒரு சாவடி வேண்டுமா?" என்றாள் ஷமீமா.

தலைவர் சொன்னதையும் அவள் சொன்னதையும் ஹலீமா எனக்குச் சொன்னார். முதலில் மண்ணின் பிரச்சினை, பெண்களுடையது பிறகு. அதை நான் தமிழில் எத்தனை வருடம் கேட்டிருக்கிறேன். அந்தப் 'பிறகு' எங்களுக்கு வரவேயில்லை.

முதலாவது கோரிக்கையை அன்றே ஏற்றார்கள். இரண்டாவதைப் பார்ப்போம் என்றார்கள். மூன்று மாதம் இழுத்து, ஹலீமாவையும் வேறொரு பெண்ணையும் சேர்த்தார்கள். சில குடும்பங்கள் கூட்டத்துக்கு வருவதை நிறுத்தின. ஷமீமா இப்போது மொழி வகுப்புக்குப் போகிறாள். தனியாக விசா கேட்டுப் போட்ட ஆன்ட்ராக் என்ற விண்ணப்பத்துக்கு இன்னும் பதில் வரவில்லை. கனவில் இன்னமும் எங்கள் கட்டிடத்தின் படிக்கட்டில் இறங்கி ஓடுகிறாளாம்.

போன மாதம் எங்கள் தமிழ்ப் பூசை முடிந்து மண்டபத்தில் திருநாள் பற்றிக் கதைத்துக்கொண்டிருந்தார்கள். வேறு விஷயம் இருக்கோ என்று கேட்டபோது நான் எழும்பினேன். றெஜினாவை அவளுடைய வீட்டு வாசலில் கொண்டுபோய் விட்டது நான்தான் என்று சொன்னேன்.

"ஜெசிந்தா அக்கா, பழசை ஏன் இப்ப கிளறுறியள்?" என்றார் ஒருவர்.

இனி அப்படி ஒரு பிள்ளை வந்தால் ஃபிரவன்ஹவுஸுக்குக் கூட்டிக்கொண்டு போக வேண்டும் என்றேன். "அதென்னது?" என்று கேட்டார்கள். எனக்குத் தமிழ்ச் சொல் வரவில்லை. ஊரில் அப்படி ஒன்றை நான் கண்டதில்லை. கண்டிராததற்கு என் வாயில் பெயரும் இல்லை. "பொம்பிளையளின்ர வீடு" என்றேன். "எல்லா வீடும் பொம்பிளையளின்ர வீடுதானே அக்கா!" என்று ஒரு ஆண்குரல் சொல்ல, சிரிப்பு எழுந்தது. நான் கதிரையில் இருந்துவிட்டேன்.

கலைந்து போகும்போது, கோப்பைகள் கழுவும் இடத்தில், ஒரு இளம்பெண் என் பக்கத்தில் வந்து நின்றாள். முகத்தை என் பக்கம் திருப்பவில்லை. தண்ணீர்க் குழாயைப் பெரிதாகத் திறந்துவிட்டாள்.

"அக்கா, அந்த வீட்டின்ர போன் நம்பர் உங்களிட்ட இருக்கோ?"

தமிழில் கேட்டாள். என் வாயில் முதலில் ஜேர்மனில் வந்தது "யா". பிறகுதான், "ஓம் பிள்ளை, இருக்கு."