கிரேக்கர் எந்தப் பக்கம்?

கல்முனையில் எதையும் இரண்டாக்கிவிடுவார்கள். தெருவுக்கு விளக்குப் போட்டாலும் முதற்கேள்வி, இது எந்தப் பக்கத்துக்கு, தமிழருக்கா முஸ்லிம்களுக்கா என்பதுதான். போன ஆவணியில் நான் லீவில் ஊருக்கு வந்திருந்தபோது, உலகத் தத்துவ வரலாற்றையே இரண்டாக்கப் பார்த்தார்கள்.

நஜ்லா டீச்சர் உயர்தர வகுப்புக்கு அளவையியல் என்கிற தர்க்கப் பாடம் படிப்பித்து ஓய்வு பெற்றவர். "இவவோட வாதாட ஏலா. நான் சோத்துக் கோப்பையோட எழும்பிருவன்" என்பார் அவர் கணவர் பஸால். சனிக்கிழமைகளில் கடற்கரைத் தெரு வாசகர் மன்றத்தில் டீச்சர் இலவசமாக ஒரு வகுப்பு நடத்தி வந்தார். பரீட்சைக்கல்ல, யோசிப்பதற்கு.

அக்கரைப்பற்று வீதியில் உச்சி வெயிலில் தண்ணீர் தெரிகிறதே, அங்கே பொய் சொன்னது கண்ணா, நாமா? இதுதான் அன்றைய கேள்வி. கிரேக்கர் ஒரு பதில் சொன்னார்கள். இந்திய நியாய மரபினர் வேறொன்று சொன்னார்கள். பௌத்தர் இருவரையும் மடக்கினார்கள். பக்தாதில் அதே கேள்வியை அரபியில் கேட்டார்கள். வகுப்புப் பிள்ளைகள் தர்சினியும் றமீஸும் ஒரே வாங்குப் பலகையில் இருந்து அடித்துக்கொள்ளாத குறையாக வாதாடினார்கள்.

இரண்டு பக்கத்துப் பிள்ளைகளும் அப்படி ஒன்றாக இருந்தது சிலர் கண்ணை உறுத்தியது. மன்றத் தலைவர் காலிதீன் ஹாஜியாரும் செயலாளர் கனகசிங்கமும் எந்தக் கூட்டத்திலும் ஒத்துப்போனதில்லை. இதில் மட்டும் ஒத்துப்போனார்கள். பேசவென்று டீச்சரை மன்றத்துக்கு அழைத்தார்கள். டீச்சர் கூப்பிட்டதால், அவரிடம் படித்த நானும் போய்ப் பின்னால் இருந்தேன்.

"சனிக்கிழம நம்மட புள்ளைகளுக்கு அரபு ஞானிமார். ஞாயிறு அவங்கட புள்ளைகளுக்கு இந்தியா" என்றார் ஹாஜியார். "ஒருத்தருக்கும் மனவருத்தமில்ல."

"ஓம் தங்கச்சி. பிரச்சின வர முந்திப் பிரிச்சிட்டா நல்லம்தானே?" என்றார் கனகசிங்கம்.

"அப்ப கிரேக்கர்?" என்றார் டீச்சர்.

"அது ஞாயிறுக்குப் போகட்டும்" என்றார் ஹாஜியார்.

"ஸ்பெயின்ல, குர்துபாவில, நீதிபதியா இருந்த ஒரு காழியார் கிரேக்க ஞானிக்கு உரை எழுதினவர், ஹாஜியார். கிரேக்கனை ஞாயிறு பக்கம் தள்ளினா சனிக்கிழம காழியார் ஆருக்கு உரை எழுதுற?"

"அப்ப கிரேக்கனை ரெண்டு நாளும் படிப்பிங்க."

"சீனா?"

"சீனாக்காரன் நமக்கு என்னத்துக்கு கா?" ஹாஜியாருக்குப் பொறுமை போனது. "ஊர்ல எல்லாம் அப்பிடித்தான் நடக்குது. நீங்க மட்டும் என்ன புதினமா?"

"அதுக்கு நான் ஆள் இல்ல" என்று டீச்சர் எழும்பினார்.

வெளியே வந்ததும், "விட்டுக் குடுங்க டீச்சர், வீண் வம்பு" என்றேன். ஆயிரம் வருடங்களுக்கு முன்னர் பக்தாதில் மூன்று மதத்தார் ஒரே மேசையில் இருந்து மொழிபெயர்த்த நூல்களைப் பாகம் பிரிக்க, பிளாஸ்டிக் கதிரையில் இருந்த இரண்டு பேருக்கு என்ன உரிமை? ஆத்திரம் எனக்குப் பிறகுதான் ஏறியது.

அடுத்த சனி மன்றம் பூட்டிக் கிடந்தது. வகுப்பைப் பிரிக்க டீச்சர் ஒத்துக்கொண்டுவிட்டார் என்று கனகசிங்கம் தமிழ்ப் பக்கத்தில் வீடு வீடாகச் சொல்லியிருந்தார். அதனால் வாசலில் நின்றவர்கள் முஸ்லிம் பிள்ளைகள் மட்டும்.

"துவங்குவமா டீச்சர்?" என்றான் றமீஸ்.

"பாதி வகுப்புக்குப் படிப்பிக்கமாட்டன். வாங்க."

பிள்ளைகள் பின்னால் வர, டீச்சர் கோயில் தெருவுக்கு நடந்தார். தர்சினியின் தாய் மீனாம்பிகை படலைக்கு வந்தார்.

"எங்களுக்கு ஞாயிறு எண்டாங்களே டீச்சர்?"

"பொய். வகுப்பு ஒண்டுதான், இண்டைக்குத்தான். புள்ளய விடுங்க."

மீனாம்பிகை தெருவின் இரண்டு முனைகளையும் பார்த்தார். "கதை வரும் டீச்சர்."

"வரட்டும்."

"தனிய விடமாட்டன்" என்றவர் உள்ளே போய்க் கதவைப் பூட்டி, திறப்பைச் சேலைத் தலைப்பில் முடிந்துகொண்டு மகளோடு வந்தார். வழியில் இன்னும் சில வீடுகள் திறந்தன. சில திறக்கவேயில்லை.

மன்றத்துப் படியில், றமீஸுக்கும் தர்சினிக்கும் நடுவில் மீனாம்பிகை இருந்தார். எதிரே தன் கடை வாசலில் நின்று ஹாஜியார் பார்த்துக்கொண்டிருந்தார். டீச்சர் அவருக்கும் கேட்கிற குரலில் சீனாவைத் தொடங்கினார்.