இறங்கியதும், இறங்க முடியாததும்

எங்கள் மாடியில் லிப்ட் நிற்காது. ஊரிலிருந்து வருகிறவர்களிடம் இதைச் சொன்னால் பழுதாகிவிட்டதா என்று கேட்பார்கள். பழுதெல்லாம் இல்லை, கட்டும்போதே அப்படித்தான் கட்டியிருக்கிறார்கள். ஜார்ஜ் டவுன், ஆயர் ஈத்தாமில் நாங்கள் இருக்கும் இந்தப் பழைய அடுக்குமாடியில் சில மாடிகளில் மட்டும்தான் லிப்ட் கதவு திறக்கும். மற்ற மாடிக்காரர்கள் மேலே போய்ப் படி இறங்க வேண்டும், இல்லையென்றால் கீழே இறங்கிக்கொண்டு படி ஏற வேண்டும். கல்யாணமாகி விருதுநகர்ப் பக்கத்திலிருந்து பினாங்குக்கு வந்த புதிதில் எனக்கு இது பெரிய வேடிக்கையாக இருந்தது. சொந்த வீட்டைத் தாண்டிப் போய்விட்டுத் திரும்பி வருகிற ஜனங்கள்! இருபது வருடத்துக்கு மேலாயிற்று, வேடிக்கையும் பழகிப்போயிற்று. ஆனால் ஆஸ்பத்திரியிலிருந்து என்னை அனுப்பும்போது டாக்டர் முதலில் சொன்னதே, "கொஞ்ச நாளைக்கு மாடிப்படி வேண்டாம்" என்பதுதான். அன்றைக்குப் படியேறி வீட்டுக்குள் நுழைந்ததோடு சரி. அதன்பிறகு இந்த இரண்டு அறையும், ஜன்னலுக்கு வெளியே எதிர்க் கட்டடத்தின் துணிக்கம்புகளும்தான் எனக்கு பினாங்கு.

என்ன ஆப்பரேஷன் என்று நேராகவே சொல்லிவிடுகிறேன். என் கர்ப்பப்பை இறங்கிவிட்டது. அதைத் தாங்கிப் பிடிக்கும் சதை தளர்ந்து, கர்ப்பப்பை கீழே சரிந்து, மூத்திரப்பையையும் கூட இழுத்துக்கொண்டு வந்துவிட்டது. ஒரே நாளில் வந்த கோளாறு இல்லை இது. நான் வேலை பார்க்கும் பள்ளிக்கூடக் கேண்டீனில் சோற்றுக் குண்டானைத் தூக்கி இறக்கும்போதெல்லாம் அடியில் ஏதோ நழுவுவது போலிருக்கும். சாயங்காலமானால் தொடையிடுக்கில் ஒரு பந்தை வைத்துக்கொண்டு நடப்பது போலிருக்கும். தும்மினால் நனையும். தைப்பூசக் கூட்டத்தில் நிற்க முடியாமல், தலைவலி என்று சொல்லிப் பாதியில் திரும்பியிருக்கிறேன். குளிக்கும்போது கையால் உள்ளே தள்ளிவிட்டுக்கொண்டு வேலைக்குப் போன நாட்கள் எத்தனையோ. இதையெல்லாம் யாரிடம் சொல்வது?

கடைசியில் கிளினிக்குக்குப் போனபோதும் பாஷை காலை வாரிவிட்டது. எனக்குத் தெரிந்தது சந்தையில் மீன் வாங்குகிற மலாய். என்னைச் சோதித்த பிறகு அந்த மலாய் நர்ஸ், "மாக்சிக், ரஹிம் டா ஜாத்தோ" என்றாள். மாக்சிக் என்றால் அத்தை, ஜாத்தோ என்றால் விழுந்துவிட்டது என்று தெரியும். ரஹீம் என்பது யார்? வெளியே வராந்தாவில் யாரோ ஒருவர் விழுந்துவிட்டார் போல என்று பதறி எழுந்து, "எங்கே? அடி பட்டுவிட்டதா?" என்று எனக்குத் தெரிந்த மலாயில் கேட்டேன். அவள் குழம்பிப்போய் என் அடிவயிற்றைத் தொட்டுக் காட்டினாள். மலாயில் கர்ப்பப்பைக்கு ரஹிம் என்று பெயராம். இரண்டு பேரும் சிரித்தோம். சிரித்ததில் எனக்கு நனைந்துவிட்டது. அவளுக்கு அது தெரிந்துவிட்டது. திரையை இழுத்து மூடிவிட்டு, ஒரு நாப்கினை எடுத்து என் கையில் வைத்தாள். அப்போதுதான் நான் அழுதேன்.

ஆப்பரேஷன் நல்லபடியாக முடிந்தது. கர்ப்பப்பையை எடுத்துவிட்டு, தளர்ந்த இடத்தை இழுத்துத் தைத்திருக்கிறார்கள். கெட்டிலில் பாதித் தண்ணீருக்கு மேல் எதையும் தூக்கக் கூடாது, குந்தி உட்காரக் கூடாது, முக்கக் கூடாது, மலச்சிக்கல் வரவிடக் கூடாது. ஜொகூரில் வேலை பார்க்கும் மகள் வந்து முதல் வாரம் கூட இருந்துவிட்டுப் போனாள். பிறகு நானும் என் வீட்டுக்காரரும்தான். அவர் பாகான் டாலாமில் பிறந்து வளர்ந்தவர். பத்து காவான் என்ற ஊரில் ஒரு தொழிற்சாலையில் போர்க்லிப்ட் ஓட்டுகிறார். பாலம் தாண்டிப் போகவேண்டும் என்பதால் விடியும் முன்பே கிளம்பிவிடுவார். சோறு வடித்து, எனக்கென்று பப்பாளியை நறுக்கி மூடி வைத்துவிட்டுத்தான் போவார். நல்ல மனிதர். அந்த நல்ல மனிதர்தான் ஒரு பொய்யையும் சொல்லிவைத்தார்.

பக்கத்து வீட்டு ஆண்ட்டி கதவருகே நின்று என்ன ஆயிற்று என்று கேட்டபோது, "அப்பெண்டிக்ஸ்லா ஆண்ட்டி, சின்ன ஆப்பரேஷன்" என்று அவர் சொன்னது படுக்கையில் கிடந்த என் காதில் விழுந்தது. கேண்டீன் எடுத்து நடத்தும் பாயிடமும் அதையே சொன்னார். ஊரிலிருந்து என் தங்கை புஷ்பம் கூப்பிட்டபோதும் அதையேதான். கதவைச் சாத்திவிட்டு உள்ளே வந்தவரிடம் கேட்டேன்.

"ஏங்க அப்படிச் சொன்னீங்க?"

"பின்ன என்னா சொல்லச் சொல்ற? நான் ஆம்பள. கதவுல நின்னுக்கிட்டு அந்த எடத்தப் பத்தியெல்லாம் எப்படிலா சொல்றது?"

எனக்கும் அப்போது அது சௌகரியமாகத்தான் பட்டது. மைலோ டின்னும் பிஸ்கட்டுமாகப் பார்க்க வந்தவர்களிடம் வலது பக்க வயிற்றைத் தடவிக் காட்டினேன். ஆனால் அப்பெண்டிக்ஸ்காரிக்கு ஊர் கொடுக்கும் விடுப்பு ரொம்பக் குறைவு. இரண்டாவது வாரத்திலேயே, "இன்னுமா படுத்திருக்கீங்க?" என்று கேட்க ஆரம்பித்துவிட்டார்கள். வீட்டுக்குள் அடைபட்டுக் கிடந்தது போதாதென்று அந்தப் பொய்க்குள்ளும் அடைபட்டேன். பகல் முழுக்க ஆள் அரவம் இராது. லிப்ட் எங்கள் மாடியைத் தாண்டிப் போகும் உறுமல் மட்டும் சுவருக்குள் கேட்டுக்கொண்டே இருக்கும். தாகம் எடுத்தாலும் தண்ணீர்க் குடத்தைச் சாய்க்கப் பயம். இருமல் வந்தால் தலையணையை வயிற்றோடு அழுத்திக்கொண்டு, தையல் பிரிந்துவிடக் கூடாதே என்று மூச்சைப் பிடித்தபடி கிடப்பேன். என் உடம்பே எனக்குக் காவல்காரியாக நின்றது.

ஒருநாள் பாய் கூப்பிட்டார். "அக்கா, ஸ்கூல் தெறக்குது. திங்கக்கெழமை வந்துருங்க. புது ஆளுக்குக் கொழம்பு வரல. அப்பெண்டிக்ஸ்தானே? என் மச்சான் ஆப்பரேஷன் பண்ணி ரெண்டாவது வாரமே லோரி ஓட்டுனான்."

"சரி பாய்" என்று சொல்லிவிட்டேன். வாய் தானாகச் சொன்னது. சின்ன வயதிலிருந்து வேலைக்குக் கூப்பிட்ட யாருக்கும் நான் முடியாது என்று சொன்னதில்லை. ஊரில் நானும் புஷ்பமும் பஞ்சு மில்லில் வேலை பார்த்தபோது, மகளைப் பெற்ற இரண்டாவது மாதமே நூல் கூடை சுமக்கப் போனவள் நான். கல்யாணமாகி ஒரு வருடத்துக்கு மேல் விசாவுக்காக ஊரிலேயே காத்திருந்த காலம் அது. புள்ள பெத்தவளுக்கு உடம்பு இறுகணும், சும்மா இருந்தால் ஊதிப்போகும் என்று சொன்னார்கள். நான் இங்கே வந்த பிறகு எங்கள் மாடியில் அதே வயதில் ஒரு மலாய்ப் பெண் பிரசவமாகி வந்தாள். கேட்டதற்கு, பந்தாங், அதாவது பிரசவப் பத்தியம் என்றார்கள். அவளை ஒரு துரும்பும் எடுக்க விடாமல் உட்காரவைத்துப் பார்த்துக்கொண்டார்கள். அதை நான் அப்போது சோம்பேறித்தனம் என்று நினைத்தேன்.

திங்கட்கிழமைக்கு உடம்பு தயாரா என்று பார்க்க வேண்டுமே. அவர் வேலைக்குப் போனபிறகு அடுப்படியில் கிடந்த அரிசி மூட்டையை இரண்டு கையாலும் பிடித்தேன். தரையைவிட்டு ஒரு சாண்தான் எழும்பியிருக்கும். உள்ளே சுரீரென்று ஓர் இழுப்பு. கீழே விட்டுவிட்டேன். கழிப்பறைக்குப் போய்ப் பார்த்தால் ரத்தம். புது ரத்தம். சுவரைப் பிடித்துக்கொண்டே வந்து படுத்து, வார்டுக்குப் போன் செய்தேன். நல்லவேளையாகத் தமிழ் நர்ஸ் ஒருத்தி எடுத்தாள்.

"என்னாத்துக்குக்கா தூக்குனீங்க? அவ்ளோ சொல்லி அனுப்புனோமே. அசையாம படுங்க. ரத்தம் கூடுச்சுன்னா ஒடனே வந்துருங்க."

கூடினால் எப்படி வருவது? அவர் பாலத்துக்கு அந்தப் பக்கம். லிப்டுக்குப் போகவும் படி இறங்க வேண்டும். படுத்தபடியே விட்டத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். ரத்தம் மெல்ல மெல்ல நின்றது. நின்றது என்று நிச்சயமான பிறகு பாயைக் கூப்பிட்டேன்.

"பாய், எனக்கு அப்பெண்டிக்ஸ் இல்ல. கர்ப்பப்பை எறங்கி ஆப்பரேஷன் பண்ணிருக்கு. இனிமே குண்டான் தூக்க முடியாது."

பாய் இருமினார். "அக்கா... இருங்க, வீட்ல குடுக்கறேன்" என்று போனை மனைவி கையில் திணித்துவிட்டு ஓடிவிட்டார். அந்த அம்மா நான் சொன்னதையெல்லாம் கேட்டுவிட்டு, "முன்னாடியே சொல்லக் கூடாதாக்கா? உடம்பு தேறி வாங்க. வந்து கல்லாவுல உக்காருங்க, தூக்கறதுக்கு வேற ஆள் பாத்துக்கலாம்" என்றாள். ஒரு வார்த்தையை வாய்விட்டுச் சொல்ல எத்தனை வருடம் எடுத்துக்கொண்டேன் என்று அப்போது ஆச்சரியமாக இருந்தது. வேலையிலிருந்து வந்த வீட்டுக்காரரிடமும் சொன்னேன். முகம் சிவந்துபோய் நின்றவர், அரிசி மூட்டையைத் தூக்கி என் கைக்கு எட்டாத மூலையில் கொண்டுபோய் வைத்தார்.

மறுநாள் புஷ்பம் வீடியோவில் வந்தாள். புருஷன் போன பிறகு வீட்டு வாசலிலேயே இட்லிக் கடை போட்டுப் பிழைக்கிறாள். முக்காலி பக்கத்தில் கிடக்க, அவள் நின்றுகொண்டே பேசினாள். கால்களைப் பின்னிக்கொண்டு, கிரைண்டர் விளிம்பில் இடுப்பைச் சாய்த்துக்கொண்டு. அவள் எப்போதும் அப்படித்தான் நிற்பாள், நானும் எத்தனையோ முறை பார்த்திருக்கிறேன். அன்றைக்குத்தான் அந்த நிலை எனக்கு விளங்கியது. கேண்டீனில் நான் அப்படித்தான் நின்றேன்.

"புஷ்பம், ஒனக்கு அடில பாரமா இருக்காடி?"

"என்னக்கா கேக்குற? கடைல ஆளு நிக்குது" என்றாள். எனக்கு நடந்ததைச் சொன்னேன். முழுவதும் கேட்டாளா தெரியவில்லை. இணைப்பு அறுந்தது. கோபித்துக்கொண்டாள் என்றே நினைத்தேன். சாயங்காலம் திரும்ப அழைத்தாள். வீடியோ இல்லை. மொட்டை மாடிக்கு ஏறியிருக்கிறாள் போல, காற்று இரைந்தது.

"அக்கா, குளிக்கும்போது கைல உருண்டையா தட்டுப்படுதே... அதுவா?"

"எத்தன நாளா?"

"சின்னவன் பொறந்ததுலருந்து."

"அவன் காலேஜுக்குப் போறான்டி!"

"புத்துநோய்னு நெனச்சேன்க்கா. தெரிஞ்சா பொழப்பு கெட்டுரும்னு பேசாம இருந்துட்டேன். இதுக்கு வைத்தியம் இருக்கா?"

இருக்கிறது என்றேன். அவள் அழுத சத்தம் கேட்டது. எழுந்து போக வேண்டும் போலிருந்தது. அடுத்த விமானத்தைப் பிடித்துப் போய், அவள் கையிலிருந்து மாவு வாளியை வாங்கி வைக்க வேண்டும் போலிருந்தது. வாங்கினாலும் என்னால் தூக்க முடியாது. ஒரே வயிற்றில் பிறந்த இரண்டு பெண்கள், இடையில் ஒரு கடல், இரண்டு பேருக்கும் ஒரே பாரம். படுத்திருந்த நாட்களில் எனக்கு மூச்சு முட்டியது அன்றைக்குப் போல வேறு என்றைக்கும் இல்லை.

புஷ்பம் அரசு ஆஸ்பத்திரிக்குப் போக ஒப்புக்கொண்டாள். கூட வர ஆளில்லை. மகனிடம் சொல்ல வெட்கம். என்னை மறுபடி சோதிக்க டாக்டர் வரச் சொல்லியிருந்த அதே நாளில்தான் அவளும் போனாள். வீட்டுக்காரர் விடுப்பு எடுத்துக்கொண்டு என்னைக் கைத்தாங்கலாக இறக்கிக் கூட்டி வந்திருந்தார். இங்கே வெயில் நன்றாக ஏறிவிட்டது, அங்கே அப்போதுதான் சீட்டு கொடுக்கத் தொடங்கியிருந்தார்கள். "போன வச்சுராதக்கா" என்று அவள் சொல்லியிருந்ததால் போனைக் காதிலேயே வைத்திருந்தேன். ஒரு காதில் மலாயில் எண் கூப்பிடும் ஒலிபெருக்கி. இன்னொரு காதில் ஊர் ஆஸ்பத்திரியின் இரைச்சல், பிள்ளைகளின் அழுகை, "வரிசைல நில்லும்மா" என்கிற அதட்டல். இடையிடையே அவள் மூச்சு விடுவது கேட்டது.

"புஷ்பம்! யாரும்மா புஷ்பம்? உள்ள வா."

நான் எழுந்து நின்றுவிட்டேன். பினாங்கு ஆஸ்பத்திரிக் கூடத்தில் வரிசையாக உட்கார்ந்திருந்த சீனப் பெண்களும் மலாய்ப் பெண்களும் நிமிர்ந்து என்னைப் பார்த்தார்கள். மேசையிலிருந்த நர்ஸ் என் சீட்டை எட்டிப் பார்த்துவிட்டு, "பெலும் லாகி, மாக்சிக். டுடோ டுலு" என்றாள். இன்னும் உங்கள் முறை வரவில்லை, உட்காருங்கள் என்று அர்த்தம். வீட்டுக்காரர் என் கையைப் பிடித்து இழுத்தார். காதுக்குள் புஷ்பத்தின் செருப்புச் சத்தம் நடந்துகொண்டிருந்தது. "உள்ள போறேன்க்கா" என்றாள். ஒரு கதவு சாத்தும் சத்தம் கேட்டது. நான் உட்காரவில்லை.