நாற்பது நிமிடக் கூலி

காப்பார் ஊரில் உள்ள கார்ப் பட்டறை ஃபோர்மேன் ஸ்பேனரைத் துடைத்துவிட்டுத்தான் பேசுவார். என் காருக்கு ஸ்போர்ட்ஸ் எக்ஸாஸ்ட் புகைக்குழாய் பூட்டக் கூலி முந்நூறு வெள்ளி என்றார். ஏமாந்துவிடுவேனோ என்ற பயத்தில் கைப்பேசியில் நேரம் பார்த்துக்கொண்டே நின்றேன். நாற்பதே நிமிடத்தில் முடித்துவிட்டார்.

“இதுக்கா முந்நூறு, பாஸ்?” என்றேன்.

ஸ்பேனரைத் துடைத்தார். “நேரம் பத்தலயா அங்கிள்? சரி, நாலு மணி நேரம் செய்றேன்.”

பூட்டியதையெல்லாம் கழற்றி, ஒவ்வொரு நட்டாக மெதுவாக மறுபடி பூட்டத் தொடங்கினார்.

“ஒரு மணிக்கு ஸ்கூல் விட்டுரும் பாஸ். மக வாசல்ல நிக்கும். போதும்லா,” என்று கெஞ்சினேன்.

“நீங்க நேரத்தப் பாருங்க அங்கிள்.”

மூன்று மணிக்குத்தான் சாவி கொடுத்தார். அதே முந்நூறுதான் வாங்கினார். இன்றுவரை ஒரு நட்டுகூடத் தளரவில்லை. அதனால் அவரை முழுதாகத் திட்டவும் முடியவில்லை.

பள்ளி வாசலில் மகள் தனியாக நின்றிருந்தாள். எவ்வளவு நேரமாக நிற்கிறாய் என்று கேட்க எனக்கு வாய் வரவில்லை.